பாலே மலையின் குழிவாசிகள்

எத்தியோப்பியா நாட்டுக்குச் சென்று திரும்பினேன் என்று கேள்வியுற்ற பங்கு மக்களில் பலர், "லாலிபெலாவில் பாறையைக் குடைந்து எழுப்பிய கோவில்களைக் கண்டீர்களா, சாமி?" என்று ஆவலோடு வினவினார்கள். இல்லை என்றேன். அவை நாட்டின் வடபகுதியில் உள்ளன. நான் சென்றதோ தென்கிழக்கு. "அப்படியானால் எதைத்தான் கண்டீர்கள்?" என்று விடாது கேட்டவர்களிடம், "எலிகளைக் கண்டேன்" என்று உள்ளதைச் சொன்னபோது, சாமி வேடிக்கை பேசுகிறார் என்று எண்ணிச் சிரித்துவிட்டார்கள். வேடிக்கை அன்று. கடல் கடந்து, மலை ஏறி, மூச்சு முட்ட, குளிரில் நடுங்கி நான் கண்டது எலியைத்தான். அதை இப்பக்கங்களில் சொல்லும்படி ஆசிரியர் பலமுறை கேட்டுவிட்டார்.

குருமடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர் பல்லாண்டுகளாக அந்நாட்டின் பாலே பகுதியில் மறைப்பணி ஆற்றி வருகிறார். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் ஒரோமோ இனத்து இசுலாமியர். கத்தோலிக்கர் மிகச் சிலரே. ரோபே நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தனி ஆட்சிப்பகுதியைத் திருச்சபை 2012-இல்தான் அங்கு நிறுவியது. நண்பர் ஒவ்வொரு கடிதத்திலும் தம் சிற்றாலயத்தைப் பற்றி நான்கு வரியும், மலைமேல் வாழும் ஓர் எலியைப் பற்றி ஒரு பக்கமும் எழுதுவார். தனிமை மனிதனை இப்படி ஆக்கிவிட்டதே என்று கவலைப்பட்டேன். 2019 ஜனவரியில், கிறிஸ்து பிறப்புக் காலத்து அலுவல்கள் ஓய்ந்ததும், ஆயரிடம் விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

அடிஸ் அபாபாவிலிருந்து பாலேக்குச் செல்லும் பாதை சற்றொப்ப 400 கிலோமீட்டர். தலைநகரே கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஏரிகளின் ஓரமாகச் சென்று, சாசெமெனே என்னும் ஊரில் கிழக்கே திரும்பி மீண்டும் மலை ஏறவேண்டும். வழியெல்லாம் வாற்கோதுமையும் கோதுமையும் அறுவடை முடிந்த தாள்களாய் நின்றன. எருதுகளைச் சுற்றிவரச் செய்து களத்தில் போரடித்துக்கொண்டிருந்தார்கள். வழிப்பயணத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பேருந்தில் பெரும்பகுதி நேரம் உறங்கிப்போனேன்.

இந்நாட்டின் நில அமைப்பைச் சிறிது விளங்கிக்கொண்டால்தான் பின்வருவன விளங்கும். ஆப்பிரிக்கக் கண்டத்தில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த நிலங்களில் ஐந்தில் நான்கு பங்கு எத்தியோப்பியாவில் இருக்கிறது. கென்ய மலை, கிளிமஞ்சாரோ, ருவென்சோரி என்று பெயர்பெற்ற மற்றவையெல்லாம் சமவெளியில் தனித்து நிற்கும் சிகரங்கள். குளிர்நாட்டு உயிர்களுக்கு இம்மலையுச்சிகள் கடல் நடுவே உள்ள தீவுகளைப் போன்றவை. சுற்றிலும் தகிக்கும் தாழ்நிலமே அவற்றைச் சூழ்ந்த கடல். ஒரு மலையில் அகப்பட்ட சிற்றுயிர் அடுத்த மலைக்குப் போக வழியின்றி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கித் தனி இனமாகிவிடுகிறது. பறவை பறந்து கடக்கும். மான்கூட ஒருவேளை நடந்து கடக்கும். எலி என்ன செய்யும்? ஆகவே எந்த மலையில் எந்த எலி இருக்கிறது என்று கேட்பது, அந்த மலையின் வரலாற்றையே கேட்பதாகும். பிளவுப் பள்ளத்தாக்கின் கிழக்கே இருக்கும் எலி சில மேற்கே இல்லை. பாலேயில் உள்ள ஒன்று உலகில் வேறெங்குமே இல்லை.

கோபா என்ற ஊரில் இரவு தங்கி, விடியுமுன் நண்பரின் பழைய ஜீப்பில் சனேத்தி மேட்டுநிலத்துக்கு ஏறினோம். எங்களோடு பூங்காக் காவலர் ஒருவரும் வந்தார். 4,000 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் வெட்டவெளி அது. அருகே துள்ளு திம்து என்னும் 4,377 மீட்டர்ச் சிகரம். நம் குமரிமுனையைவிடத் தெற்கே, நிலநடுக்கோட்டை நோக்கிய தொலைவில் நிற்கிறோம். ஆனால் புல்நுனிகளில் உறைபனி! குட்டைகளின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி. எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. நான்கு அடி நடந்தால் நாற்பது அடி ஓடியவனைப்போல் இரைத்தது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆள் உயரத்துக்கும் மேலாகத் தனித்தனியே நிற்கும் பெருலொபேலியாச் செடிகள் மட்டும், பனிமூட்டத்தில் கூடிநின்று செபிக்கும் துறவிகளைப்போல் தோன்றின. அச்செடி ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, ஒரே ஒருமுறை ஓங்கிய பூந்தண்டு விட்டுப் பூத்து, அத்தோடு மடிந்துவிடுமாம். தரையில் சாம்பல் நிற வாடாப்பூச் செடிகளும் குறும்பூண்டுகளும். அவற்றினிடையே எங்கு நோக்கினும் குழிகள், குழிகள், குழிகள்.

ஒரு குழியருகே, காற்றுக்கு எதிர்த்திசையில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு மூவரும் குந்தினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. நான் மனத்துக்குள் செபமாலையின் துக்கத் தேவஇரகசியங்கள் ஐந்தையும் முடித்துவிட்டேன். வெயில் ஏறிச் சற்றுச் சூடு பரவியது. அப்போது குழியின் வாயை அடைத்திருந்த மண் அசைந்தது. சிறிது மண் வெளியே சரிந்தது. பிறகு ஒரு தலை தோன்றியது.

பெருந்தலை அகழெலி என்று அதைத் தமிழில் அழைக்கலாம். 1842-இல் ரியூப்பெல் என்ற செருமானிய இயற்கை அறிஞர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். உடல் ஓர் அடி நீளம்; எடை ஏறக்குறைய ஒரு கிலோ. பழுப்பு மயிர், குட்டை வால், கழுத்தே இல்லாத பெரிய தலை. உதடுகளுக்கு வெளியே நீண்டு நிற்கும் வெட்டுப்பற்கள்தாம் அதன் மண்வெட்டி. வியப்பானது அதன் கண். மண்ணுக்குள் வாழும் பிராணிகள் பலவற்றுக்குக் கண் பெயரளவுக்கே இருக்கும். இதற்கோ தலையின் உச்சியில் வைத்தாற்போல் இரு கண்கள். உடலைக் குழிக்குள் வைத்துக்கொண்டே வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்க்க வேண்டுமல்லவா?

அது சில நொடிகள் அசையாது பார்த்தது. பின்பு முன்னுடலை மட்டும் வெளியே நீட்டி, எட்டும் தூரத்திலுள்ள பூண்டுகளை அவசர அவசரமாகக் கடித்துச் சேர்த்தது. பின்கால்கள் குழியை விட்டு வெளியேறவில்லை. வாய் நிறையக் கவ்விக்கொண்டு பின்னோக்கியே உள்ளே நழுவியது, மீண்டும் வந்தது, மீண்டும் நழுவியது. எட்டும் அளவுக்கு வட்டமாகப் புல் தீர்ந்ததும், உள்ளிருந்து மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொண்டது. இனி வேறோர் இடத்தில் வேறொரு வாசல் திறக்கும். நாள் முழுவதிலும் அது வெளியில் தலைகாட்டுவது மிகக் குறுகிய நேரந்தான். எஞ்சியதெல்லாம் இருட்டறை வாழ்வு. ஓயாது அகழ்ந்து மண்ணைப் புரட்டிப்போடுவதால் அம்மேட்டுநிலத்தின் பயிர்பச்சையே இந்த எலியின் கைவண்ணம் என்கிறார்கள் அறிஞர்கள். எந்த இடத்தில் எந்தப் பூண்டு முளைப்பது என்பதைக்கூட அதன் பல்லே முடிவு செய்கிறது.

அது மேயும்போது சின்னஞ்சிறு பழுப்புப் பறவை ஒன்று அருகிலேயே தத்திக்கொண்டிருந்தது. எலி கிளறும் மண்ணில் புழு பூச்சி கிடைக்கும் என்று அது வருகிறது. பகை நெருங்கினால் பறவை கூவும், எலி மறையும். இருவருக்கும் இலாபம்.

பகை யார்? அன்று பிற்பகல் அதையும் கண்டோம். நரி அளவுக்குச் சற்றுப் பெரிய, செம்பொன் நிறத்து மெல்லிய ஓநாய் ஒன்று, தரையோடு தரையாக வயிறு உரச, ஒரு குழியை நோக்கி ஊர்ந்தது. கல்லாகிவிட்டதோ என்று நினைக்கும்படி நெடுநேரம் அசையாமல் கிடந்தது. திடீரென்று பாய்ந்தது, தலையைக் குழிக்குள் விட்டது, மண் பறந்தது. வெறும் வாயோடு நிமிர்ந்தது! எங்கள் காவலர் மெல்லச் சிரித்தார். எத்தியோப்பிய ஓநாய் என்பது இதன் பெயர். அம்காரிய மொழியில் செந்நரி என்ற பொருளில் 'கெய் கபரோ' என்பார்கள். ஒரோமோ மக்கள் 'ஜெடாலா ஃபர்தா', அதாவது குதிரை நரி என்கிறார்கள். குட்டி ஈனும் குதிரையைத் தொடர்ந்து சென்று நஞ்சுக்கொடியைத் தின்னுமாம். பாலேயில் அதன் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலிகளே. எலி இல்லாவிடில் ஓநாய் இல்லை. உலகில் வளர்ந்த ஓநாய்கள் ஐந்நூறுக்கும் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரே மலைத்தொடரில். 2024-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இவை செங்காந்தள் போன்ற நிறமுடைய நெடிய மலர்க்கதிர்களை நக்கித் தேனும் பருகுகின்றன என்று கண்டறிந்திருக்கிறது. எலி தின்ற வாய்க்குப் பின் பணியாரம் போலும்.

அன்றிரவு நண்பரின் இல்லத்தில் கணப்பருகே அமர்ந்து, நாட்டு முறைப்படி வறுத்து இடித்துக் காய்ச்சிய காப்பியை அருந்திக்கொண்டு பேசினோம். நண்பர் எலிப் புராணத்தை விரித்தார். நான் சலிப்படையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்க மலைக்காடுகளில் கொண்டை எலி என்ற ஒன்று உண்டு. எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் டான்சானியாவிலும் வாழ்கிறது. முயல் அளவிருக்கும். யானையைக் கொல்ல வேடர்கள் அம்புநுனியில் தடவும் நஞ்சு எந்த மரத்துப் பட்டையிலிருந்து வருகிறதோ, அதே பட்டையை இந்த எலி மென்று, எச்சிலோடு சேர்த்துத் தன் விலாப்புறத்து மயிர்களில் பூசிக்கொள்கிறது. அம்மயிர்கள் பஞ்சுத்திரிபோல் துளையுள்ளவை. நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பகைவன் நெருங்கினால் அது ஓடுவதில்லை. முதுகு மயிரைச் சிலிர்த்து, நஞ்சு தோய்ந்த பட்டையைக் காட்டி, 'கடித்துத்தான் பாரேன்' என்று நிற்கும். கடித்த நாய் மாளும், அல்லது பிழைத்தால் அதன்பின் அந்த எலியைக் கண்டாலே நடுங்கும். நாட்டார் நெடுங்காலமாக அறிந்திருந்த இதை அறிவியல் உலகம் 2011-இல்தான் ஆராய்ந்து வெளியிட்டது.

இன்னொரு எலியைப் பற்றி நண்பர் சொன்னது என் மனத்தில் ஆழமாகத் தைத்தது. பெத்ரோ பாயெஸ் என்ற யேசு சபைக் குருவைப் பற்றி நாங்கள் குருமடத்திலேயே படித்திருக்கிறோம். எத்தியோப்பிய மன்னரோடு சென்று, 1618 ஏப்ரல் மாதத்தில் நீல நைலின் ஊற்றைக் கண்ட முதல் ஐரோப்பியர் அவர். சின்ன அப்பாய் என்று பெயர்பெற்ற அந்த ஓடையின் அருகே, 1927-இல், அமெரிக்க அருங்காட்சியகக் குழுவொன்று ஓர் எலியைப் பிடித்தது. நீரில் நீந்தி இரை தேடும் வகை. மறு ஆண்டே அதற்குத் தனிப் பேரினப் பெயர் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த எலியை எவரும் காணவில்லை. ஒரே ஒன்று, பதப்படுத்தப்பட்ட ஒரே தோல். ஓடையின் கரைகளோ கால்நடை மேய்ந்து மேய்ந்து மாறிப்போயின. பாயெஸ் அடிகளார் ஊற்றருகே நின்று இறைவனுக்கு நன்றி செலுத்திய நாளில், அவர் காலடியில் அந்த எலிகள் நீந்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எலி போனால் என்ன, ஐயா? பயிர் மிஞ்சுமே!" என்றேன், சற்று வேண்டுமென்றே. நற்கருணை அப்பம் சுட வைத்திருந்த மாவை எலி தின்றுவிட்டதற்காகக் குருமடத்தில் ஒரு மாதம் பொறி வைக்கும் தண்டனை பெற்றவன் நான். எலிகளிடம் எனக்குப் பழைய கணக்கு உண்டு. நண்பர் மறுக்கவில்லை. டான்சானியாவின் உசம்பரா மலைகளில், லுசோத்தோ வட்டாரத்தில், 1980 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எலித் தெள்ளுகளால் கொள்ளைநோய் திரும்பத் திரும்பப் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அதே டான்சானியாவில், உளுகுரு மலையடிவாரத்து மொரோகோரோவில், பை போன்ற கன்னமுடைய பெரிய எலிகளைப் பழக்கி, மண்ணில் புதைந்த கண்ணிவெடிகளையும், சளியில் உள்ள காசநோயையும் மோப்பம் பிடிக்கச் செய்கிறார்கள். "எலி நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இங்கிருக்கும் எலி யாருடைய களஞ்சியத்துக்கும் வருவதில்லை. அதை மட்டும் நினைவில் வையும்" என்றார்.

மறுநாள் வெப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார். அது ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். பாறை இடுக்குகளில் முயல்போன்ற பிராணிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எலியினமோ என்று கேட்டேன். இல்லையாம், 104-ஆம் திருப்பாடலில் பாறைகளைப் புகலிடமாகக் கொண்டதாகச் சொல்லப்படுகிறதே, தமிழ் விவிலியத்தில் குழிமுயல் என்று படிக்கிறோமே, அந்தப் பிராணிதான். முயலுமன்று, எலியுமன்று, உறவுமுறை பார்த்தால் யானைக்கு நெருங்கியது. முப்பது ஆண்டுகளாக அத்திருப்பாடலைச் செபித்தும் அதன் உருவத்தை நான் அன்றுதான் கண்டேன்.

அங்கே ஒரு மேய்ப்பர் குடும்பத்தின் குடிசையில் எங்களுக்கு மோரும் வறுத்த வாற்கோதுமையும் கொடுத்து உபசரித்தார்கள். தாழ்நிலத்தில் புல் காயும் காலங்களில் மந்தைகளை மலைக்கு ஓட்டிவருவது ஒரோமோ மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். முன்பு வந்து போனவர்களில் பலர் இப்போது நிலைத்துத் தங்குகிறார்கள். கீழே நிலம் முழுதும் உழவுக்குப் போய்விட்டது, வேறெங்கே போவார்கள்? 1970-இல் பூங்கா அமைந்தது முதல் இந்த இழுபறி தீரவில்லை. மாடு மேய்ந்து மிதித்த இடத்தில் அகழெலிக்கு உணவு குறைகிறது. மாட்டைக் காக்க, இரவில் கழுதைப்புலியை விரட்ட, நாய் வேண்டும். அந்த நாய்தான் எல்லாத் துன்பத்துக்கும் வாசல். வெறிநாய்க்கடி நோய் நாயிடமிருந்து ஓநாய்க்குப் பரவி, 1991-92-இல் ஓநாய்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2003-இலும் 2008-இலும் 2014-இலும் மீண்டும் அதே கதை. அதே நோய் மனிதரையும் மாடுகளையும் கொல்கிறது என்பதை மறக்கலாகாது. 1995-இல் தொடங்கிய ஓநாய்ப் பாதுகாப்புத் திட்டத்தினர் ஊர் ஊராகச் சென்று நாய்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2018-இல் இறைச்சித் துண்டில் மருந்து வைத்து ஓநாய்களுக்கே கொடுக்கத் தொடங்கினார்கள்.

அக்குடும்பத்துச் சிறுவனுக்குப் பத்து வயதிருக்கும். அவன் காலடியில் காது கிழிந்த மஞ்சள் நாய் ஒன்று கிடந்தது. ஊசி போட்டதா என்று நண்பர் ஒரோமோ மொழியில் கேட்டார். சிறுவன் நாயை இறுகக் கட்டிக்கொண்டு தலையசைத்து மறுத்தான். ஊசி போட்டால் நாய் சோம்பிவிடும், கழுதைப்புலி வந்தால் குரைக்காது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். தகப்பனார் எங்களை நேராக நோக்கிச் சொன்னார்: "ஓநாயைக் காக்க வெளியூரார் வருகிறார்கள். எலியைப் பார்க்கவும் வருகிறார்கள். என் மாடு செத்தபோது ஒருவரும் வரவில்லை." நண்பர் இதை எனக்கு மொழிபெயர்க்குமுன் சிறிது நேரம் பேசாதிருந்தார். நானும் மறுமொழி சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் எழுதிய சுற்றுமடலில் ஏழையின் குரலையும் பூமியின் குரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னதை மேடைகளில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்தக் குடிசையில் இரு குரல்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன.

அதே பள்ளத்தாக்கில் ஃபின்ச்சா ஹபேரா என்ற குகை இருக்கிறது. நாங்கள் அதை அறியாமலே திரும்பினோம். ஆகஸ்டில் அதைப் பற்றிய செய்தி வெளிவந்தது. 47,000 ஆண்டுகளுக்கும் 31,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், பனிக்கட்டி ஆறுகள் அருகே இருந்தபோது, மனிதர் அக்குகையில் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்கள் அடுப்பில் எரிந்து கிடந்த எலும்புகளில் மிகுதியானவை நான் குந்திக் காத்திருந்த அதே பெருந்தலை அகழெலியுடையவை. சுட்டுத் தின்றிருக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் அவ்வளவு பழங்காலத்தில் மனிதர் வாழ்ந்ததற்கு வேறெங்கும் சான்று அகப்படவில்லை என்றார்கள் ஆய்வாளர்கள். அந்தக் குளிரில் அவர்களைக் காத்தது இந்த எலி. மேய்ப்பர் வருமுன்னரே நம்மவர் அந்தக் குழியருகே காத்திருந்திருக்கிறார்கள்! செய்தியை வெட்டி எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

2023-இல் பாலே மலைப் பூங்காவை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. அகழெலி இன்னும் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில்தான் இருக்கிறது. நண்பர் இப்போதும் கடிதம் எழுதுகிறார். நான் திரும்பிய சில மாதங்களில் வந்த கடிதத்தில் ஆலயக் கூரையைப் பற்றி நான்கு வரியும் எலியைப் பற்றி ஒரு பக்கமும் வழக்கம்போல் இருந்தன. கடைசியில், வெப் பள்ளத்தாக்குக்கு மருத்துவக் குழு வந்தபோது தாமும் உடன் சென்றதாகவும், முதல் நாள் மாடுகளுக்கு மருந்து கொடுத்துவிட்டு, மறுநாள்தான் நாய்களிடம் போனதாகவும் எழுதியிருந்தார். காது கிழிந்த மஞ்சள் நாயை ஊசிக்காகப் பிடித்துக்கொண்டவன் அந்தச் சிறுவனே என்றும், அன்றிரவு அது குரைக்கிறதா என்று பார்க்க அவன் தூங்கவே இல்லை என்றும் சேர்த்திருந்தார்.